தமனிகளைப் பேணுவோம்

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும்போது, தவணை தவறிய கடன்களின் பட்டியலில் சில குறிப்புகள் நம் கண்ணில் படுவதுண்டு. "உறுப்பினர் பக்கவாதத்தால் படுத்திருக்கிறார்" என்றோ, "உறுப்பினர் மாரடைப்பால் காலமானார்" என்றோ அவற்றில் எழுதப்பட்டிருக்கும். மழை பொய்த்ததால் தவணை தவறியவருக்குக் காலநீட்டிப்பு வழங்கலாம். நூல் விலை ஏறியதால் இடருற்றவருக்குச் சங்கம் வேறு வழி காணலாம். நாடா எறியும் கையே விழுந்துவிட்ட நெசவாளிக்குக் காலநீட்டிப்பால் ஆவது என்ன? விசாரித்தால் வீட்டார் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "முந்தின நாள் வரை நன்றாகத்தான் இருந்தார்."

அவர் உண்மையில் நன்றாக இருந்தாரா என்பதே இக்கட்டுரையின் பொருள். பக்கவாதமும் மாரடைப்பும் ஒரே நாளில் பிறப்பன அல்ல. அவை இரண்டும் பெரும்பாலும் தமனிகளின் கேட்டினால் வருபவை. அக்கேடு பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்வது. அதனை முன்கூட்டியே அறியவும் தடுக்கவும் எளிய வழிகள் உள. அவற்றை அறிதற்கு முன், தமனி என்பது யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

இரத்தம் ஓடும் வழி

நம் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை சுருங்கி விரிகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை. ஓய்வாக இருக்கும்போதே அது நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 7,000 லிட்டருக்கு மேலாகும். இதயத்திலிருந்து இரத்தத்தை உறுப்புகளுக்குக் கொண்டு செல்லும் குழாய்களே தமனிகள். உறுப்புகளிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொணர்பவை சிரைகள். இவ்விரண்டுக்கும் இடையே மயிரினும் நுண்ணிய தந்துகிகள் உள்ளன. உயிர்வளியும் உணவும் உடலுக்குள் இறங்குவது இத்தந்துகிகளில்தான்.

இவ்வுண்மை இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆயினும் இரத்தம் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் 1628-ல் தம் நூலில் நிறுவும்வரை, அது உடலெங்கும் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் கருதிவந்தனர். தமனிக்கும் சிரைக்கும் இடைப்பட்ட தந்துகிகளை 1661-ல் மால்பீகி என்னும் இத்தாலியர் நுண்ணோக்கியால் கண்டு, ஹார்வியின் கொள்கையில் இருந்த குறையை நிறைவு செய்தார்.

வேளாளருக்கு இவ்வமைப்பு புதிதன்று. அணையிலிருந்து தலைவாய்க்கால் புறப்படுகிறது, அதிலிருந்து கிளைவாய்க்கால்கள், அவற்றிலிருந்து வயலுக்கு வயல் மடைகள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலமுடையது. அது கிளைத்துக் கிளைத்துச் சிறு தமனிகளாகிறது. அச்சிறு தமனிகளே உடலின் மடைகள். உண்டபின் குடலுக்குச் செல்லும் மடை திறக்கிறது. மண்வெட்டி பிடிக்கும்போது தசைகளுக்குச் செல்லும் மடை திறக்கிறது. நீர் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல், தேவையறிந்து இரத்தத்தைப் பங்கிடும் பணி இது.

சுவரின் நெசவு

ஆனால் வாய்க்காலுக்கும் தமனிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாய்க்காலின் கரை அசையாதது. தமனியின் சுவரோ உயிருள்ளது. மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியடுக்கு உறுதி தரும் போர்வை. நடு அடுக்கு தசையாலும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் மீள்நார்களாலும் ஆனது. உள்ளடுக்கின்மேல், இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு, ஒரே ஒரு வரிசை உயிரணுக்களாலான மெல்லிய படலம் உள்ளது.

நடு அடுக்கின் வேலையை முதலில் பார்ப்போம். இதயம் இரத்தத்தை விட்டு விட்டுத் தள்ளுகிறது. அவ்வாறாயின் இரத்தமும் விட்டு விட்டுத்தானே ஓடவேண்டும்? அப்படி ஓடுவதில்லை. இதயம் சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து இரத்தத்தின் ஒரு பகுதியைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. இதயம் ஓய்கையில், விரிந்த சுவர் மீண்டு, தேக்கியதை முன்னே தள்ளுகிறது. ஆகவே இரத்த ஓட்டம் அறுபடுவதில்லை. இதயத்தின் தசைக்கே உணவளிக்கும் தமனிகளில் பெரும்பங்கு இரத்தம் பாய்வது இதயம் ஓய்கின்ற இந்நேரத்தில்தான். 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், தமனிகளின் இச்செயலைத் தீயணைக்கும் பொறியின் காற்றறைக்கு ஒப்பிட்டார். கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் நீர் விட்டு விட்டு ஏறினும், இடையிலுள்ள காற்றறை அதனைச் சீரான தாரையாக்குவது போன்றது இது.

நெசவாளர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. சுவரிலுள்ள மீள்நார்கள் கருவிலும் இளமையிலுமே நெய்யப்பட்டுவிடுகின்றன. வளர்ந்தபின் உடல் அவற்றைப் புதிதாக ஆக்குவது மிகச் சொற்பம். பாவு ஒரு முறைதான் ஓட்டப்படுகிறது; அதுவே வாழ்நாள் முழுவதற்கும். அது தேய்ந்து அறுந்த இடங்களில் உடல் விறைப்பான வேறு நாரைக் கொண்டு ஒட்டுப்போடுகிறது. துணி கிழிவதில்லை, ஆனால் நெகிழ்ச்சி போய்விடுகிறது. முதுமையில் தமனிகள் விறைப்பதற்கு இது ஒரு காரணம். விறைத்த தமனி தேக்கிக்கொள்ள இயலாததால், இதயம் ஒவ்வொரு முறையும் மிகுந்த விசையுடன் தள்ள நேரிடுகிறது.

உள்படலத்தின் வேலை இன்னும் வியப்புக்குரியது. அது வெறும் பூச்சு அன்று. இரத்தம் உறையாமல் காப்பதும், சுவரின் தசை எப்போது நெகிழவேண்டும் என்று ஆணையிடுவதும் அதுவே. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை அது சிறிது சிறிதாக வெளியிட, தசை நெகிழ்ந்து தமனி விரிகிறது. இதனைத் தெளிவுபடுத்திய பர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உடலுழைப்பின்போது இரத்தம் விரைந்தோட, இப்படலம் நன்கு வேலை செய்கிறது. புகையிலை அதனை முடக்குகிறது.

இரத்த அழுத்தம் என்பது

ஓடும் இரத்தம் சுவரை அழுத்தும் விசையே இரத்த அழுத்தம். ஹேல்ஸ் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்தபோது, இரத்தம் எட்டடிக்கும் மேலாக ஏறி நின்றது. அழுத்தத்தை அளந்த முதல் முயற்சி அதுவே. இன்று நம் கையில் கட்டும் பட்டையை 1896-ல் ரீவா ரோச்சி என்னும் இத்தாலிய மருத்துவர் அமைத்தார். பட்டையின் காற்றை இறக்கும்போது தமனியில் எழும் ஓசையைக் கேட்டு அளக்கும் முறையை 1905-ல் கொரோட்காவ் என்னும் ருசிய மருத்துவர் வெளியிட்டார். ஓசை தொடங்கும் இடம் மேல் எண். ஓசை மறையும் இடம் கீழ் எண். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் முன்னது. இதயம் ஓய்கையில் உள்ளது பின்னது. 120-க்கு 80 என்ற அளவை ஒட்டியிருப்பது நலம். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால், அது நோய் எனக் கொண்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். இரண்டு எண்களுள் ஒன்று மட்டும் மிகினும் அவ்வாறே.

நம் நாட்டில் இதனை "இரத்தக் கொதிப்பு" என்று வழங்குகிறோம். இப்பெயர் பலரைத் தவறான வழியில் இட்டுச்செல்கிறது. இரத்தம் கொதிப்பதுமில்லை, உடல் சுடுவதுமில்லை. சினமுடையாருக்கே இது வரும் என்பதும் பொய். பரம சாதுவுக்கும் வரும். தலைவலியோ தலைச்சுற்றலோ இல்லையாதலால் தமக்கு இல்லை என்று எண்ணுவோர் பலர். மிகுந்த அழுத்தம் உள்ளவர்களுள் பெரும்பாலோர்க்கு யாதொரு துன்பமும் தெரிவதில்லை. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்ப்பதால் துடிப்பின் வேகமும் ஒழுங்கும் தெரியுமேயன்றி அழுத்தத்தின் அளவு தெரியாது. அளந்து பார்த்தலே வழி, பிறிதொரு வழியில்லை.

சுவர் கெடும் விதம்

தமனியில் கொழுப்பு அடைப்பதென்றால், குழாயின் உட்புறத்தில் பாசி படிவதுபோல் படிகிறது என்றே பலரும் நினைக்கின்றனர். நடப்பது வேறு. மிகுந்த அழுத்தம், புகையிலை, இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆகியவற்றால் உள்படலம் நைந்துபோகிறது. நைந்த இடத்தின் வழியே கொலஸ்டிரால் என்னும் கொழுப்பைச் சுமந்துவரும் துகள்கள் சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகின்றன. இரத்தத்தில் அத்துகள்கள் மிகுந்திருந்தால் புகுவதும் மிகும். அவற்றை அகற்ற வந்த வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிப் பருத்து அங்கேயே மடிகின்றன. காலப்போக்கில் சுவருக்குள் ஒரு கொழுப்புக் கட்டி உண்டாகி, அதன்மேல் ஒரு மூடி போர்த்துக்கொள்கிறது.

இது முதியவர் நோய் என்று இளைஞர்கள் ஒதுக்கிவிட வேண்டா. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயத் தமனிகளை ஆராய்ந்து 1953-ல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 22. அவர்களுள் நூற்றுக்கு 77 பேரிடம் இக்கேட்டின் அடையாளம் காணப்பட்டது. நோய் இருபதில் தொடங்கி ஐம்பதில் வெளிப்படுகிறது.

குழாய் குறுகினால் என்ன ஆகும்? விட்டம் பாதியானால் ஒழுக்கும் பாதியாகும் என்று தோன்றும். அவ்வாறன்று. அழுத்தம் மாறாதிருப்பின், விட்டம் பாதியான குழாயில் ஒழுக்கு 16-ல் ஒரு பங்காகிவிடும் என்பது பிரெஞ்சு அறிஞர் புவாசேய் கண்ட விதி. ஆயினும் பின்னுள்ள மடைகளை அகலத் திறந்து உடல் நெடுநாள் ஈடுகட்டிவிடுகிறது. ஆதலால் ஓய்வில் ஒன்றும் தெரிவதில்லை. மாடியேறும்போதோ பாரம் தூக்கும்போதோதான் நெஞ்சில் இறுக்கம் தெரியும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. குழாயைப் பெரிதும் அடைக்காத சிறு கட்டியும், மூடி மெல்லியதாயின் திடீரென வெடிக்கலாம். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடும். இதயத் தமனியில் இது நேர்ந்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் தமனியில் நேர்ந்தால் பக்கவாதம். மிகுந்த அழுத்தத்தால் மூளையின் சிறு தமனி உடைந்து இரத்தம் கசிந்தாலும் பக்கவாதமே. "முந்தின நாள் வரை நன்றாகத்தான் இருந்தார்" என்பதன் உட்பொருள் இதுதான்.

பேணும் வழிகள்

1948-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 5,209 ஆண் பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராயும் பணி தொடங்கிற்று. அதுவும், பின்னர் உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளும் சுட்டிய காரணங்கள் சிலவே: மிகுந்த இரத்த அழுத்தம், புகையிலை, மிகுந்த கொலஸ்டிரால், நீரிழிவு, உழைப்பின்மை, உடற்பருமன். வயதையும் பரம்பரையையும் மாற்ற இயலாது, இவற்றை மாற்றலாம்.

முதலாவது புகையிலை. பீடி, சிகரெட்டு மட்டுமன்றி வாயிலிட்டு மெல்லும் புகையிலையும் தமனிக்குக் கேடே. நாளைக்கு ஒன்றிரண்டுதானே என்பது ஆறுதலாகாது. சிறிதளவும் தீங்கு செய்யும். நிறுத்திய ஓராண்டுக்குள்ளேயே மாரடைப்பின் அபாயம் பெரிதும் குறையத் தொடங்குகிறது என்பது நற்செய்தி.

இரண்டாவது உப்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடையில் வாங்கும் காரவகை ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும். இதனை வீட்டிலேயே தணிக்கை செய்யலாம். பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு 20 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாள்களாவது வரவேண்டும். பொட்டலம் பிரித்த தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள். ஊறுகாயும் அப்பளமும் கடையில் வாங்குவோருக்கு இன்னும் பல நாள் வரவேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பை அடியோடு விடச் சொல்லவில்லை, அளவறிந்து இடவே சொல்லுகிறோம். வெயிலில் பாடுபடுவோர் முதலில் நாடவேண்டியது நீர். உப்பை மிகுதியாக உண்பதற்கு வியர்வையைக் காரணம் காட்டுதல் பொதுவாகப் பொருந்தாது.

மூன்றாவது எண்ணெய். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 பங்கும், பாமாயிலில் ஏறக்குறைய பாதியும் கொலஸ்டிராலை உயர்த்தும் வகைக் கொழுப்பு. நிலக்கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 20 பங்கு அல்லது அதற்கும் குறைவு. தென்னை வளர்க்கும் உறுப்பினர்கள் இதனால் வருந்த வேண்டா, தேங்காய் நஞ்சன்று. அன்றாடச் சமையலுக்குக் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ கொண்டு, தேங்காய் எண்ணெயை அளவோடு வைத்துக்கொள்ளலாம். வனஸ்பதி முதலியவற்றிலுள்ள மாறுபக்கக் கொழுப்பு தமனிக்கு மிகத் தீயது. 2022 ஜனவரி முதல் உண்ணும் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டில் வரம்பு உள்ளது. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பொரித்தவற்றை ஒதுக்குக. கீரை, காய்கறி, பயறு, கேழ்வரகு, கம்பு ஆகியவை நம் வயலில் விளைபவை. நம் தட்டிலும் இருக்கட்டும்.

நான்காவது உழைப்பு. தென்னமெரிக்காவின் பொலிவியா நாட்டுக் காடுகளில் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழும் சிமானே என்னும் மக்களின் இதயத் தமனிகளை ஆராய்ந்த செய்தி 2017-ல் வெளிவந்தது. ஆராயப்பட்ட 705 பேருள் நூற்றுக்கு 85 பேரின் தமனிகளில் சுண்ணாம்புப் படிவே இல்லை. பகலின் பெரும்பகுதி அவர்கள் நடமாடுகின்றனர், புகைப்பதும் அரிது. நம் வேளாளரும் முன்பு இறைத்தும் உழுதும் உழைத்தனர். மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் அவ்வுழைப்பு குறைந்தது. தறிக்குழியில் அமர்ந்து மிதிப்பதும் உழைப்பே. ஆயினும் நாள் முழுதும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்போர், மூச்சுச் சற்றே விரையும்படி நாளைக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது நடத்தல் நன்று.

ஐந்தாவதே மிக முக்கியமானது. மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அதனை நாள்தோறும் உட்கொள்ளவேண்டும். இரண்டு மாதம் உண்டபின் அளவு 130-க்கு வந்ததும், "குணமாகிவிட்டது" என்று நிறுத்துவோர் பலர். அளவு இறங்கியது மாத்திரையால். மதகை அடைத்து வைத்திருப்பதால் வயல் மூழ்காதிருக்கிறது. வயல் மூழ்கவில்லையே என்று மதகைத் திறந்துவிடலாமா? பூண்டையும் வெந்தயத்தையும் உணவாக உண்பதில் தடையில்லை. மாத்திரைக்கு அவை மாற்றாகா. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஒருங்கே அடக்கவேண்டும்.

அறிகுறிகள் தோன்றினால்

நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற இறுக்கம், இடத்தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவை மாரடைப்பின் குறிகள். நீரிழிவு உள்ளோர்க்கும் பெண்களுக்கும் சில வேளைகளில் மூச்சிரைப்பும் சோர்வும் மட்டுமே தோன்றலாம். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து உயிரிழந்தோர் எத்தனையோ பேர். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் குறிகள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து, குறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்படவேண்டும். ஆதலால் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் நீரோ உணவோ கொடுக்கலாகாது. சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்ட கைத்தளர்ச்சியும் பின்வரும் பெருங்கேட்டின் முன்னறிவிப்பே. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் நீங்குவதும் தமனிக்கேட்டின் குறியாகலாம்.

சங்கம் செய்யக்கூடியது

அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அழுத்தம் அளக்கவும் மருந்து பெறவும் கட்டணமில்லை. வீடு தேடி இம்மருந்துகளை வழங்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பெற்றது. வசதி இருந்தும் அளந்து பார்ப்போர் குறைவு. இங்கேதான் சங்கத்துக்கு வேலையுண்டு.

துணைவிதிகள் இடந்தருமாயின் பொதுநல நிதியிலிருந்து ஓர் அளவுகருவி வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். பாவும் நூலும் பெறவோ, உரம் வாங்கவோ வரும் உறுப்பினர், புகையிலையும் காப்பியும் விட்டு அரைமணி கழிந்தபின், ஐந்து நிமிடம் சாய்ந்தமர்ந்து, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து அளந்துகொள்ளலாம். பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியுடன் அவ்வெண்களைக் குறித்துக்கொள்ளலாம். ஆண்டுப் பேரவைக் கூட்டத்தன்று சுகாதார நிலையத்தாரை வரவழைத்து அனைவருக்கும் அளக்க ஏற்பாடு செய்யலாம். உறுப்பினரின் துணைவியரும் அதில் விடுபடலாகாது.

சங்கக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டுமென்பது சட்டம். பிழை பெருகி மூலதனத்தை விழுங்குமுன் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். நம் உறுப்பினர் ஒவ்வொருவரின் மூலதனமும் அவருடைய உடலே. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். கடைசியாக அளந்த தேதி நினைவில் இல்லாதவர், இந்த இதழைப் படித்து முடித்த வாரத்திலேயே அளந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.